வாப்பாவின் பல்செட்டும் என் ஈஸ்டும்

தாராவியிலிருந்து சயான் போகும் பெரிய ரோட்டில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு கடை இருக்கிறது. தோல் பை, பெல்ட், பர்ஸ். பையை அவர் தைப்பதில்லை, தைத்து வந்ததை விற்பார். விற்பது என்றால் பேசுவது. பர்ஸ் வாங்க வருகிறவரிடம் ஊர் எது, வேலை என்ன, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். திருநெல்வேலிக்காரர் என்றால் ஊர்த் தமிழ், மாதுங்காக்காரர் என்றால் கொஞ்சம் திருத்தமான தமிழ், மற்றவர்களுக்கு பம்பாய் ஹிந்தி. வந்தவர் போகும்போது கையில் பர்ஸோடு ஒரு பெல்ட்டும் இருக்கும். பேச்சும் சிரிப்பும்தான் கடையின் முதல் என்று வாப்பாவே சொல்வார்.

நான் அவருடைய இரண்டாவது பெண். அக்கா கல்யாணமாகி டோம்பிவிலியில் இருக்கிறாள். நான் மாதுங்காவில் கல்லூரி முடித்துவிட்டு, செம்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி செய்துகொண்டிருக்கிறேன். காலையில் பஸ் பிடித்துப் போனால் பொழுது சாயும்போது திரும்புவேன். இடைப்பட்ட நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்பது வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் வாப்பா பெருமையாக, "மேரி பேட்டி ஈஸ்ட் மே டாக்டர் பன் ரஹி ஹை", என் பெண் ஈஸ்டில் டாக்டராகிறாள், என்பார். அவருக்குத் தெரிந்த ஈஸ்ட் பாவ் ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட். "இத்தன வருசம் படிச்சு முடிச்சு பேக்கரிதான் வைக்கப் போறியாளா?" என்று ஒரு தடவை என்னிடம் உண்மையான கவலையோடு கேட்டார்.

அவர் கேட்டதில் முழுத் தப்பும் இல்லை. நான் வேலை செய்யும் ஈஸ்டின் பெயர் காண்டிடா கிளப்ராட்டா. ரொட்டி ஈஸ்டுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் இது மாவை நம்பாமல் மனிதரை நம்பி வாழ்கிறது. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா இருக்கும். உடம்பில் எதிர்ப்பு குறையும்போது, சுகர் ஏறும்போது, அதுவே நோயாகிவிடும். நோயாக வேண்டுமானால் அது முதலில் எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். வாயை எச்சில் கழுவிக்கொண்டே இருக்கிறது, சிறுநீர்ப் பாதையைச் சிறுநீர் கழுவிக்கொண்டே இருக்கிறது. பிடி கிடைக்காத கிருமி அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இந்த ஈஸ்ட் தன் சுவரிலிருந்து நீளமான புரதங்களை வெளியே நீட்டி வைத்திருக்கிறது. அவற்றின் நுனி, நம் செல்களின் மேல் இருக்கும் சர்க்கரைத் துணுக்குகளைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அந்தப் புரதங்களைச் செய்கிற மரபணுக்கள்தான் என் பாடம். ஒன்றை எடுத்துவிட்டால் பிடி எவ்வளவு தளர்கிறது, இன்னொன்றை எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது என் தினப்படி வேலை.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கவனமாகக் கேட்பார். கேட்டு முடித்து, "சாப்பிட்டியாளா?" என்பார்.

வாப்பாவின் பல்லைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பல வருட சுகரும் அதைவிடப் பல வருட வெற்றிலையும் சேர்ந்து அவருடைய மேல்வரிசையை ஆட்டம் காண வைத்திருந்தன. மாதுங்காவில் ஒரு பல் டாக்டரம்மா, எங்கள் கடையில் பை வாங்கிப் பழக்கமானவர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செட் கட்டுவதுதான் வழி என்று சொல்லிவிட்டார். வாப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். உம்மாவின் தங்கைக்கு ஊரில் ஆபரேஷன் என்று உம்மா தென்காசிக்குக் கிளம்பிப் போன வாரத்தில், திடீரென்று தைரியம் வந்தவர்போல் பற்களை எடுக்கக் கிளம்பிவிட்டார். உம்மா ஊரில் சில மாதங்கள் தங்கும்படி ஆனது. அதற்குள் புண் ஆறி, செட்டும் வந்துவிட்டது. ஆறுகிற நாட்களில் வாப்பா கைக்குட்டையால் வாயை மூடியபடிதான் கடையில் உட்கார்ந்திருந்தார். உம்மா வீடியோ காலில் கூப்பிட்டால், "நெட்வொர்க் இல்லளா" என்று சொல்லி சாதா போனில் பேசினார். பேச்சு குழறியதற்கு ஜலதோஷம் என்று காரணம் சொன்னார். நான் பக்கத்திலிருந்து சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

உம்மா திரும்பி வந்த அன்று குர்லா டெர்மினஸுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். வாப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ரயில் பெட்டியிலிருந்து இறங்கிய உம்மா, பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"என்ன இது, கலியாண மாப்பிள கணக்கா நிக்கீக?"

"பல்லு கட்டியிருக்கேன்" என்றார் வாப்பா, முழு வரிசையும் தெரிய.

"நல்லாருக்கு" என்றார் உம்மா. அவ்வளவுதான். டாக்ஸியில் வீடு வரும்வரை வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

செட் கொடுத்த அன்றே டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். படுக்கப் போகுமுன் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், மேல்வாய்க்கு ஓய்வு கொடுக்க வேண்டும். நானும் கூடவே இருந்து கேட்டேன். செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் கீழே ஓர் அறை, ஏணிப்படி ஏறினால் மேலே ஓர் அறை. வாப்பாவும் உம்மாவும் கீழே படுப்பார்கள், நான் மேலே. அவர் எப்போது கழற்றினார், எப்போது மாட்டினார் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த நோன்பு மாதம் வந்தபோது தொந்தரவு ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி உம்மாவின் கை. தாராவியில் பள்ளிவாசலிலேயே கஞ்சி கிடைக்கும். இருந்தாலும் வாப்பா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து உம்மாவின் கஞ்சியில்தான் வயிறு நனைப்பார். அன்று பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். கஞ்சியில் ஒரு வாய் எடுத்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னளா, மொளகா அள்ளிப் போட்டுருக்கியா? எரியுது."

உம்மா தன் கிண்ணத்தில் எடுத்துக் குடித்துப் பார்த்தார். "எப்பமும் போடுததுதான். பாதிப் பச்ச மொளகாகூட இல்ல."

"அப்போ இஞ்சியா இருக்கும்."

மறுநாள் உம்மா மிளகாயே போடவில்லை. அப்போதும் எரிந்தது. அதற்கடுத்த நாள் இஞ்சியும் மிளகும் இல்லாமல், குழந்தைக்குக் கொடுப்பதுபோல் வெள்ளையாகக் காய்ச்சினார். வாப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு, "பசிக்கல" என்று எழுந்துகொண்டார். உம்மா அவர் விட்டுப்போன கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். பாத்திரத்தைத் தேய்த்தபடியே, என்னைப் பார்க்காமல், "என் சமையலு அவுகளுக்குப் புடிக்காமப் போச்சு போல. ஊர்ல போயி இத்தன மாசம் இருந்துட்டேன்லா" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு உம்மாவுக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மறுநாள் காலை உம்மா பால் வாங்கப் போன நேரம் பார்த்து நான் வாப்பாவிடம் போனேன்.

"வாப்பா, வாயத் தொறங்க. பாக்கணும்."

"எதுக்கு? ஒண்ணுமில்ல."

"எரியுதுன்னு சொல்லுதீகல்லா. செட்டக் கழட்டுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். "உங்கும்மா வந்துருவா."

"வரட்டும். வந்தா என்ன?"

"நீ கதவச் சாத்து மொதல்ல."

கதவைச் சாத்தினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, செட்டைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நான் மொபைல் டார்ச்சை அடித்தேன்.

மேல்வாய் முழுக்கச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்புக்கு ஓர் எல்லை இருந்தது. செட்டின் தகடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதே வடிவத்தில், ஸ்டென்சில் வைத்து வண்ணம் அடித்ததுபோல் இருந்தது. அதற்கு வெளியே தோல் இயல்பான இளஞ்சிவப்பில் இருந்தது. பாடப்புத்தகத்தில் இந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். படத்தில் இருப்பது யாரோ ஒருவருடைய வாய். உதடு மட்டும் தெரியும், முகம் தெரியாது. இப்போது அந்த வாய்க்கு மேலே வாப்பாவின் மூக்கும், பயந்துபோய் என்னைப் பார்க்கிற அவருடைய கண்களும் இருந்தன.

"புத்துநோயாளா?" என்று கேட்டார். பல் இல்லாமல் அவருடைய குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"இல்ல வாப்பா. அதெல்லாம் இல்ல. இது பூஞ்சக் காளான். சரியாயிரும்."

அன்று நான் ஆய்வகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரை மாதுங்காவுக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா பாலக்காட்டுக் குடும்பம், மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். வாப்பாவின் வாயைப் பார்த்துவிட்டு, செட்டைக் கையுறை விரல்களால் எடுத்து வெளிச்சத்தில் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்புத் தகட்டின் மேல் மங்கலாக ஒரு படலம் தெரிந்தது.

"மாமா, நெஜத்தைச் சொல்லுங்கோ. ராத்திரி கழட்டி வெக்கறேளா, இல்லியா?"

"கழட்டுதேன்மா. தெனம் கழட்டுதேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தார்.

அவர் பொய் சொல்கிறார் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. டாக்டரம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தகட்டுக்கு அடியில் எச்சில் போய் வராது, அங்கே இந்த ஈஸ்ட் சுகமாக ஒட்டிக்கொண்டு படரும், சுகர் வேறு இருக்கிறது, நோன்பில் வாயும் காய்ந்திருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். நோன்பு திறந்த பிறகும், விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்தும் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். செட்டை ஊற வைக்க ஒரு மருந்து, சுகர் பார்க்க ஒரு டெஸ்ட். எந்த வகை என்று தெரிந்தால் நல்லது, சில வகைக்குச் சாதாரண மாத்திரை சரியாகக் கேட்காது என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் மேல்வாயைத் தடவி எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

முடிவு வந்தபோது அதில் இரண்டு வகை இருந்தன. ஒன்று வாயில் எப்போதும் முதலில் நிற்கும் காண்டிடா அல்பிகன்ஸ். இரண்டாவது கிளப்ராட்டா.

அன்று சாயங்காலம் நோன்பு திறந்து முடித்ததும், யோசிக்காமல், கிட்டத்தட்ட உற்சாகமாகவே வீட்டில் சொன்னேன்: "உம்மா, வாப்பா வாயில இருக்கது என்ன தெரியுமா? நான் வேல பாக்கேன்லா, அதே ஈஸ்டு!"

உம்மா பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அப்போ நீ கொண்டாந்ததா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். இல்லை உம்மா, அது எல்லார் வாயிலும் இருப்பது, உங்கள் வாயிலும் இருக்கலாம், ஆய்வகத்தில் கோட்டு கையுறை எல்லாம் அங்கேயே கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் வருவேன் என்று வேகமாகச் சொன்னேன். உம்மா தலையை ஆட்டினார். நான் சொன்னதை அவர் நம்ப விரும்பினார், அது தெரிந்தது. ஆனால் மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்.

"பைய இங்கன வச்சிரு. கோவிட்டு நேரத்துல வச்சோம்லா, அது மாதிரி."

என் துப்பட்டாவைத் தனியாகத் துவைத்தார். நான் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். கோபத்தோடு அல்ல, மிகவும் அன்பாக, எனக்குப் பிடித்த மீனைப் பொரித்துப் போட்டுக்கொண்டே செய்தார். அதுதான் தாங்க முடியவில்லை. மேலே போய்ப் படுத்து அழுதேன். ஆய்வை வழிநடத்தும் என் கைடிடம்கூட இதைச் சொன்னேன். மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். நாங்கள் வளர்க்கும் வகைக்கு ஒரு சத்து சேர்த்துக் கொடுக்காவிட்டால் அதனால் வளரவே முடியாது, வெளியே போய்ப் பிழைக்க வழியில்லை, உனக்கே தெரியும் என்றார். எனக்குத் தெரியும்தான். தெரிந்தது எதுவும் அந்த ஸ்டூலைப் பார்க்கும்போது உதவவில்லை.

வாப்பா இதை இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நோன்பு திறந்தபின், நான் என் டம்ளரைத் தனியாகக் கழுவப் போனபோது, "அத இங்க வை" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பிறகு உம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏளா, புள்ள ஒண்ணும் கொண்டாரல. இது நானா வளத்தது."

"என்ன சொல்லுதீக?"

"இத ராத்திரி கழட்டணும். கழட்டித் தண்ணில போடணும்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. நான் கழட்டல. கட்டுன நாள்லருந்து ஒரு ராத்திரிகூடக் கழட்டல. மருந்து போட ஆரம்பிச்ச பொறவும் நீ குளிக்கப் போற நேரத்துலதான் கழட்டுதேன்."

"ஏன்?"

நூறு கஸ்டமரிடம் நிறுத்தாமல் பேசுகிறவர், பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்னு கேக்கேன்லா?"

"நீ பாத்துருவேன்னுதான்."

வீடியோ காலை எடுக்காமல் ஏமாற்றியது, ஜலதோஷம் என்று சொன்னது, உம்மா ஊருக்குப் போன வாரத்தைப் பார்த்துப் பல்லை எடுத்தது எல்லாம் எனக்கு அப்போதுதான் ஒன்றாகப் புரிந்தன.

உம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கழட்டுங்க."

"புள்ள இருக்கா."

"அவ பாத்தவதான. கழட்டுங்கன்னு சொல்லுதேன்."

வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கழற்றினார். திரும்புவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார். மேலுதடு உள்ளே போய், கன்னம் ஒடுங்கி, ஒரேயடியாகப் பத்து வயது கூடிப்போன முகத்தோடு உம்மாவைப் பார்த்தார். உம்மா அந்த முகத்தை அவசரப்படாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எங்க மாமாவ மாதிரியே இருக்கீக" என்றார். மாமா என்று அவர் சொன்னது வாப்பாவின் வாப்பாவை. புதுப்பெண்ணாக வந்த உம்மாவுக்கு அந்த வீட்டில் முதலில் பிரியமாக இருந்தவர் அவர்தான் என்று உம்மா அடிக்கடி சொல்வார்.

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் இல்லாத சிரிப்பு. கையால் மறைக்கப் போனவரின் கையை உம்மா தட்டிவிட்டார்.

"இதுக்கா என் கஞ்சியக் கொற சொன்னீக? அஞ்சாறு நாளு எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா?" என்று கேட்டார் உம்மா. வாப்பா என்னவோ சொன்னார், குழறலில் எனக்கு விளங்கவில்லை. உம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கதவுக்கு வெளியே இருந்த ஸ்டூலை உள்ளே எடுத்து வந்து போட்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு மீன் துண்டு கூடுதலாக இருந்தது.

பெருநாள் கழிந்து சில நாட்களில் வாப்பா என்னிடம், "அந்தப் பயல ஒரு தடவ பாக்கணும்ளா" என்றார்.

"எந்தப் பயல?"

"என் வாயில இருந்தானே, அவன."

கைடிடம் கேட்டேன். வெளியாட்கள் உயிருள்ள கிருமி இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது, ஆனால் கொன்று பதப்படுத்திய ஸ்லைடை மைக்ரோஸ்கோப் அறையில் காட்டலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். உம்மா பெருநாளுக்கு எடுத்த புதுச் சேலையில் வந்திருந்தார். வாப்பா என் கைடுக்கு ஒரு தோல் பர்ஸ் கொண்டு வந்திருந்தார். அவர் வேண்டாம் என்று மறுக்க, வாப்பா கடைக்குரலில் பேசி எப்படியோ அவர் பையில் வைத்துவிட்டார்.

நான் இரண்டு ஸ்லைடுகள் தயாராக வைத்திருந்தேன். கண்ணாடியில் மனித செல்களைத் தரையில் கல் பாவியதுபோல் வளர்த்து, அதன்மேல் ஈஸ்டை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு நன்றாகக் கழுவியவை. ஈஸ்ட் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தேன். முதல் ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் பச்சைப் பொட்டுகள். சில தனியாக, சில சின்ன மொட்டோடு, சில கூட்டமாக. எவ்வளவு கழுவியும் போகாதவை.

வாப்பா கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யா அல்லா, இத்தன பேரா?" என்றார்.

இரண்டாவது ஸ்லைடில் அதே ஈஸ்ட்தான், ஆனால் ஒட்டுவதற்கான முக்கியமான ஒரு மரபணுவை எடுத்துவிட்டது. அதில் தரை கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை. மற்றதெல்லாம் கழுவிய தண்ணீரோடு போய்விட்டன.

"அந்த ஜீன எடுத்துட்டா இது செத்துப் போயிருமா?" என்று உம்மா கேட்டார்.

"இல்ல உம்மா. நல்லா வளரும், பெருகும். செல்லப் புடிச்சுக்கிட மட்டும்தான் முடியாது."

"பாவம்" என்றார் உம்மா.

"பாவமா? என் வாயப் புண்ணாக்குனவனுக்கா?" என்றார் வாப்பா.

உம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அப்போ எல்லாத்துலயும் அத எடுத்துட்டா நோயே வராதுல்லா?"

அதுதான் சிக்கல் என்று நான் சொன்னேன். ஒட்டுவதற்கு அதற்கு ஒரு மரபணு அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. அவற்றில் பல, குரோமோசோம்களின் ஓரத்தில், நம் ரோட்டில் ஷட்டர் இறக்கிய கடைகள்போல் மூடியே கிடக்கும். அதற்குத் தேவையான ஒரு வைட்டமின், அதனால் தானே செய்துகொள்ள முடியாதது, சுற்றிலும் குறைந்துபோனால் ஷட்டர்கள் திறக்கும். அதுவரை பேசாமல் இருந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும், ஈஸ்ட் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் ஒட்டிப் படரும்போது இப்படி மூடியிருந்த சில திறப்பதையும் பார்க்கிறோம். ஒன்றை அடைத்தால் இன்னொன்று இருக்கிறது. இதெல்லாம் எப்போது, எதனால் திறக்கிறது என்று முழுக்கத் தெரிந்தால் ஒருவேளை திறக்காமல் செய்யலாம்.

இதை ஊர்த் தமிழில், கையை நீட்டி மடக்கிக் காட்டி, ஒரே மூச்சில் சொன்னேன். என் வேலையை இவ்வளவு முழுசாக நான் யாரிடமும் தமிழில் சொன்னதில்லை. வாப்பா முதல் முறையாக, சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத நீ கண்டுபுடிக்க எத்தன நாளாகும்?" என்றார்.

"தெரியல வாப்பா. நான் மட்டும் கண்டுபுடிக்கிறதும் இல்ல. நெறைய பேரு பாக்காங்க. எனக்கு வயசாயிரும்போல."

"ஆகட்டும், மெதுவாப் பாரு" என்றார்.

திரும்பும் வழியில் செம்பூரில் ஒரு ஹோட்டலில் டிபன் சாப்பிட்டோம். வாப்பா மிளகாய்ச் சட்னியை வேண்டுமென்றே நிறையத் தொட்டுச் சாப்பிட்டு, எரியவில்லை என்று எங்களுக்குக் காட்டினார்.

மேல்வாய் ஆறிவிட்டது. சுகரைக் கொஞ்சம் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா பழைய செட்டின் உட்புறத்தைச் சரி செய்து கொடுத்தார், இப்போது நன்றாகப் பொருந்துகிறது. படுக்கப் போகுமுன் செட் ஒரு மூடி போட்ட டப்பாவுக்குப் போய்விடுகிறது. அதைத் தேய்க்கும் வேலையை உம்மா எடுத்துக்கொண்டார், வாப்பா தேய்ப்பது அவருக்குத் திருப்தியாக இல்லையாம். என் வேலையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு மரபணுவை எடுத்ததில் எதிர்பார்த்தது கிடைத்தது, இன்னொன்றில் ஒன்றுமே மாறவில்லை. அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் வாப்பா கூப்பிட்டார். கதவு திறந்து கிடந்தது, உம்மா பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் செட்டைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வாயை அகலத் திறந்து என்னிடம் காட்டினார்.

"திரும்ப வந்துட்டான்போல. இங்கன எரியுது, பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு இல்லை. நடுவில் மட்டும் சின்னதாக ஓரிடத்தில் தோல் வழன்றிருந்தது.

"சூடா டீ குடிச்சீகளா?"

"நான் ஆத்திக் குடிக்கத்தான் சொன்னேன்" என்றார் உம்மா உடனே. "இவுகதான் கட தொறக்கணும் கட தொறக்கணும்னு அப்படியே ஊத்திக்கிட்டாக."

வாப்பா ஏதோ மறுத்துச் சொன்னார். "பல்லப் போட்டுட்டுப் பேசுங்க, ஒண்ணும் வெளங்கல" என்று உம்மா செட்டை நீட்டினார். அவர் வாங்காமல் இன்னும் வேகமாகப் பேசினார், உம்மா சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.